பல் எடுத்த இடம் ஆறவில்லையா? நாள்கணக்கும் காரணங்களும்

அத்தியாயம் 7

பெருங்களத்தூரில் இன்று பல் எடுத்துக்கொள்வது கடினமான காரியம் இல்லை. ரயில் நிலையத்திலிருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையிலும் உள்தெருக்களிலும் பல் மருத்துவமனைகள் நிறைய இருக்கின்றன. மாலை வேலை முடிந்து வந்து, அரை மணி நேரத்தில் பல்லை எடுத்துக்கொண்டு, பஞ்சைக் கடித்தபடி வீட்டுக்குப் போய்விடலாம். சிக்கல் அன்றைக்கு வருவதில்லை. பத்து நாள், இருபது நாள் கழித்தும் அந்த இடம் குழியாகவே இருக்கிறது, வலிக்கிறது, வாய் நாறுகிறது என்னும்போதுதான் வருகிறது. அப்போது நம்மில் பலர் முதலில் போவது மருந்துக்கடைக்கு. "பல் எடுத்த இடம் இன்னும் ஆறல, ஏதாவது குடுங்க" என்று கேட்டு, ஒரு வலி மாத்திரையும் ஒரு ஆன்டிபயாடிக்கும் வாங்கி விழுங்குகிறோம். வலி குறைகிறது. குழி அப்படியே இருக்கிறது.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான். ஆறாத குழிக்கு மாத்திரை தேடும் முன் காரணம் தேடுங்கள். பெரும்பாலும் அது எளிதில் சரிசெய்யக்கூடிய காரணமாகவே இருக்கும். சிலருக்கு மட்டும், உடலுக்குள் அதுவரை தெரியாமல் இருந்த ஒரு நோயின் முதல் அடையாளமாக இருக்கும். எது எது என்று பிரித்தறிய நமக்குக் கிடைக்கும் எளிய கருவி நாள்காட்டி.

புண் எப்படி ஆறுகிறது

பல்லை எடுத்ததும் குழியில் ரத்தம் நிரம்பி உறைகிறது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போன்றது இந்த ரத்த உறைவு. புதிய திசுவும் எலும்பும் இதைப் பற்றிக்கொண்டுதான் எழுகின்றன. முதல் 24 மணி நேரம் எச்சிலை வேகமாகத் துப்பாதீர்கள், ஸ்ட்ராவில் உறிஞ்சாதீர்கள், வாயைக் கொப்பளிக்காதீர்கள் என்று மருத்துவர் சொல்வது இந்த உறைவு பெயர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே.

முதல் வாரத்தில் உறைவின் இடத்தைச் சிவந்த மென்திசு பிடித்துக்கொள்ளும். இடையில் குழியின் மேல் வெள்ளையாகவோ மங்கிய மஞ்சளாகவோ ஒரு படலம் தெரியலாம். இதைச் சீழ் என்று நினைத்துச் சுரண்டுபவர்கள் உண்டு. நாற்றமும் வலியும் இல்லாவிட்டால் அது ஆறுவதன் அடையாளம்தான், தொடாமல் விட்டுவிட வேண்டும். மூன்று நான்கு வாரங்களில் ஈறு மேலே மூடிக்கொள்ளும். அடியில் எலும்பு நிரம்ப இரண்டு மூன்று மாதம் ஆகும். முழுமையாக உறுதிப்பட நான்கு முதல் ஆறு மாதம் வரை செல்லும். ஆகவே ஒரு மாதம் கழித்தும் நாக்கால் தடவினால் சற்றுப் பள்ளமாகத் தெரிவது இயல்பு. அந்தப் பள்ளம் ஈறால் மூடப்பட்டு, வலியில்லாமல் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்

பல் எடுத்த தேதியை வீட்டு நாள்காட்டியில் எழுதிவையுங்கள். அதிலிருந்து எண்ணுங்கள்.

*முதல் நாள்:* பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் இறுகக் கடித்திருங்கள். எச்சிலில் லேசான சிவப்பு கலந்து வருவது இயல்பு. பஞ்சை மாற்றிக் கடித்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரத்தம் நிற்காமல் வந்தால் உடனே திரும்பிப் போங்கள்.

*இரண்டு, மூன்றாம் நாள்:* வீக்கம் உச்சத்துக்கு வந்து, பிறகு வடியத் தொடங்க வேண்டும். வலி ஒவ்வொரு நாளும் குறைய வேண்டும். குறைந்த வலி திடீரென்று கூடினால் மருத்துவரைப் பாருங்கள்.

*ஏழாம் நாள்:* சாதாரண உணவை மறுபக்கம் மென்று சாப்பிட முடிய வேண்டும். சீழ், காய்ச்சல், கெட்ட நாற்றம் இருக்கக் கூடாது.

*பதினான்காம் நாள்:* குழி பாதியளவாவது சுருங்கியிருக்க வேண்டும். இன்னும் வலி இருந்தால், எலும்பு தெரிந்தால், சதை வளர்ந்து வெளியே தள்ளினால் எக்ஸ்ரே எடுக்காமல் அடுத்த மாத்திரை வேண்டாம்.

*நான்காம் வாரம்:* ஈறு மூடியிருக்க வேண்டும். மூடவில்லை என்றால் ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் சதைப் பரிசோதனையும் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது.

*எட்டாம் வாரம்:* இப்போதும் எலும்பு வெளியே தெரிந்தால் அது தாடை எலும்பின் நோய். தாடை அறுவை நிபுணரிடம் போயே ஆக வேண்டும்.

இந்தக் கணக்கு எதற்கும் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டிய நிலை ஒன்று உண்டு. தாடைக்கு அடியிலும் நாக்கின் அடியிலும் வீங்கி, வாய் திறக்க முடியாமல், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் அது கழுத்துக்குப் பரவும் தொற்று. விடியட்டும் என்று இருந்துவிடக் கூடாது.

மூன்றாம் நாள் வலி

பல் எடுத்த முதல் நாள் நன்றாக இருந்தவர், மூன்றாம் நாள் காது வரை தெறிக்கும் வலியோடு வருவார். குழியில் ரத்த உறைவு இருக்காது, சாம்பல் நிறத்தில் எலும்பு தெரியும், வாய் நாறும். வீக்கமோ சீழோ பெரிதாக இராது. பல் மருத்துவர்கள் இதை டிரை சாக்கெட் என்பார்கள். உறைவு கரைந்தோ பெயர்ந்தோ போனதால் எலும்பு வெறுமையாகிவிட்டது என்று பொருள்.

சாதாரணமாகப் பல் எடுப்பவர்களில் 100-க்கு ஒருவர் முதல் ஐந்து பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள். கீழ்த்தாடையின் ஞானப் பல்லை எடுத்தவர்களிடம் இதைவிடப் பல மடங்கு அதிகம். புகைபிடிப்பவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள், நீண்ட நேரம் போராடிப் பல்லை எடுக்க நேர்ந்தவர்கள், முன்பு ஒருமுறை இதே தொல்லையை அனுபவித்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல்.

ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிச் சாப்பிடுவதால் இது தீராது. மருத்துவர் குழியைக் கழுவி, வலி தணிக்கும் மருந்துத் துணியை உள்ளே வைப்பார். பலருக்கு அன்றைக்கே வலி இறங்கிவிடும். ஒன்றிரண்டு முறை மருந்தை மாற்றினால் ஏழு முதல் பத்து நாளில் குழி ஆறும் பாதைக்குத் திரும்பிவிடும். வீட்டில் கிராம்புத் தைலத்தை நேரடியாகக் குழிக்குள் ஊற்றாதீர்கள். சதையையும் எலும்பையும் அது சுட்டுவிடும்.

குழிக்குள்ளேயே இருக்கும் காரணங்கள்

டிரை சாக்கெட் இல்லை, ஆனாலும் ஆறவில்லை என்றால் அடுத்து பார்க்க வேண்டியது குழிக்குள் ஏதாவது தங்கியிருக்கிறதா என்பதை.

பல்லின் வேர்நுனி உடைந்து உள்ளே நின்றிருக்கலாம். சொத்தையால் நொறுங்கிய கடைவாய்ப் பற்களில் இது நடப்பது உண்டு. எலும்பின் சிறு சில்லு பிரிந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து முள்போல ஈற்றைக் குத்திக்கொண்டு வெளியே வரலாம். பழைய சீழ்க்கட்டியின் சதை முழுவதும் சுரண்டி எடுக்கப்படாமல் இருக்கலாம். ஒரு சிறிய எக்ஸ்ரே இவற்றைக் காட்டிவிடும். காரணமான துண்டை எடுத்துச் சுத்தம் செய்தால் சில நாளில் புண் ஆறத் தொடங்கும்.

மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறைக்கு மிக அருகில் இருக்கின்றன. பல் எடுக்கும்போது இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய எலும்பு திறந்துகொள்ளலாம். தண்ணீர் குடித்தால் மூக்கில் வருகிறது, மூக்கைச் சிந்தினால் குழியில் காற்று வருகிறது என்றால் இதுதான். சிறிய துளை தானாக மூடும். பெரியதைத் தைத்து மூட வேண்டும். அதுவரை மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பல்லுக்குப் போகும் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு. இந்தப் பயத்தால் கெட்ட பல்லை மாதக்கணக்கில் வைத்திருப்பதுதான் உண்மையான ஆபத்து.

சர்க்கரையும் ரத்தசோகையும்

குழிக்குள் ஒன்றும் இல்லை என்றால் உடலைப் பார்க்க வேண்டும். அதில் முதலில் நிற்பது சர்க்கரை நோய். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேர். தமிழ்நாட்டின் அளவு அதைவிட அதிகம். தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர்களும் இதில் ஏராளம். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன, நுண்குழாய்களில் ரத்த ஓட்டம் குறைகிறது, புதிய திசு உருவாவது தாமதமாகிறது. அதனால்தான் ஆறாத பல் குழியை வைத்தே சர்க்கரை நோயைக் கண்டுபிடித்த மருத்துவர்கள் பலர்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி ஆகிய மூன்றையும் பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைப் பரிசோதனை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு முக்கியமான குறிப்பு. பல் எடுக்கப் போகும் நாளில் பட்டினி கிடக்காதீர்கள். காலை உணவும் வழக்கமான மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, காலை நேரத்திலேயே போங்கள். சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். பல் எடுத்த பிறகும், மெல்ல முடியவில்லை என்று சர்க்கரை போட்ட பாலும் ஐஸ்கிரீமும் மட்டும் சாப்பிட்டால் அளவு ஏறி, புண் ஆறுவது தள்ளிப்போகும்.

அடுத்தது ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. புரதம், இரும்புச் சத்து, வைட்டமின் சி மூன்றும் இல்லாமல் உடலால் புதுத் திசுவைக் கட்ட முடியாது. கடைசியில் சாப்பிடும் வீட்டம்மாவுக்குக் கிடைக்கும் மிச்சக் குழம்பில் இவை மூன்றுமே குறைவாகத்தான் இருக்கும். ஈறு ஆறும் ஒரு மாதமாவது அவருக்கு முட்டை, பருப்பு, தயிர், மீன், முருங்கைக்கீரை, கொய்யா, நெல்லிக்காய் தவறாமல் கிடைக்க வேண்டும். ஈறு வீங்கி, ரத்தம் நிற்காமல் கசிந்து, உடலில் காரணமில்லாமல் நீலத் திட்டுகள் தோன்றினால் ரத்த அணுக்களின் எண்ணிக்கையை உடனே பார்க்க வேண்டும். ரத்தப் புற்றுநோய் சிலருக்கு இப்படித்தான் தலைகாட்டும்.

புகையிலை

சிகரெட், பீடி, ஹான்ஸ், மாவா எதுவானாலும் சரி. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. புகையை உறிஞ்சும் இழுப்பு உறைவைப் பெயர்க்கிறது. ஈற்றோரம் அடக்கிவைக்கும் புகையிலை நேராகவே புண்ணில் படுகிறது. தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் 2013 முதல் தடையில் இருந்தும் கிடைத்துக்கொண்டேயிருக்கின்றன. இரவு முழுக்க வண்டி ஓட்டும் ஓட்டுநர்களும் ஷிப்ட் வேலையில் விழித்திருப்பவர்களும் இதை விடுவது கடினம் என்பது உண்மை. குறைந்தது முதல் ஒரு வாரம் முழுவதுமாக நிறுத்துங்கள். அந்த ஒரு வாரமே அடியோடு விடுவதற்கான தொடக்கமாகவும் இருக்கட்டும்.

நீங்கள் சாப்பிடும் மருந்துகள்

பல் மருத்துவரிடம் பலர் சொல்ல மறக்கும் மருந்துகள் உண்டு. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை சாப்பிடும் அலென்ட்ரோனேட் மாத்திரை, வருடம் ஒருமுறை போடும் சோலெட்ரோனிக் அமில ஊசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி ஆகியவை எலும்பு தேய்வதைத் தடுக்கின்றன. அதே வேகத்தில் தாடை எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதையும் தடுக்கின்றன. புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு இவற்றை அதிக அளவில், அடிக்கடி போடுவதால் அவர்களுக்கே ஆபத்து அதிகம். பல் எடுத்த இடத்தில் எலும்பு வெளுத்துத் தெரிந்து, எட்டு வாரமாகியும் மூடாமல் இருப்பது இந்த மருந்துகளால் வரும் தாடை எலும்பு நோயின் அடையாளம். 2003-இல்தான் இந்தத் தொடர்பு மருத்துவ இதழ்களில் முதன்முதலாகப் பதிவானது. எலும்புத் தேய்மானத்துக்காக மட்டும் சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆகவே பயந்துபோய் மருந்தை நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் சொன்னால் போதும்.

ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும், கீமோதெரபி எடுப்பவர்களுக்கும் புண் ஆறுவது தாமதமாகும். மூட்டு வலிக்கென்று பெயரும் சீட்டும் இல்லாமல் வாங்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. அப்படி ஏதாவது சாப்பிட்டால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இந்த எச்சரிக்கை வாழ்நாள் முழுவதற்கும் பொருந்தும். கதிர்வீச்சு தாடை எலும்பின் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடுவதால், பத்து வருடம் கழித்துப் பல் எடுத்தாலும் எலும்பு அழுகும் அபாயம் இருக்கிறது. எடுக்க வேண்டிய பற்களைச் சிகிச்சை தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே எடுத்துவிடுவது முறை.

ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. பல் குழியில் கசியும் ரத்தத்தைப் பஞ்சாலும் தையலாலும் நிறுத்திவிடலாம். மருந்தை நிறுத்தியதால் வரும் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அப்படி நிறுத்த முடியாது.

தாம்பரத்துக்கு நன்றாகத் தெரிந்த நோய்

பெருங்களத்தூரிலிருந்து மின்சார ரயிலில் இரண்டாவது நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையால் அந்த ஊருக்கே அந்தப் பெயர் வந்தது. 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

காசநோய்க்கும் பல் குழிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நுரையீரலில் காசநோய் உள்ளவரின் சளியில் கிருமி இருக்கிறது. பல் எடுத்த புண் அதற்குத் திறந்த வாசல். வாயில் காசநோய் வருவது அரிதுதான். ஆனால் வரும்போது ஆறாத பல் குழியாக வருவது மருத்துவ இலக்கியத்தில் பலமுறை பதிவாகியிருக்கிறது. வலி அதிகமில்லாத, ஓரம் ஒழுங்கற்ற புண், குழியில் நிரம்பும் சதை, கழுத்தில் நெறிக்கட்டு ஆகியவை அதன் தோற்றம். கூடவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு இருந்தால் சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்தே ஆக வேண்டும். சாதாரண ஆன்டிபயாடிக் எதற்கும் இந்தப் புண் ஆறாது. காசநோய் மருந்தைத் தொடங்கினால் வாரங்களில் ஆறத் தொடங்கும். பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

அதே சானடோரியம் மருத்துவமனை எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பல இடங்களில் ஒதுக்கிய காலத்தில் சேர்த்துக்கொண்டு வைத்தியம் பார்த்தது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் கூட்டுமருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் பல் எடுத்த புண் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே ஆறிவிடும். தெரியாமலும் மருந்தில்லாமலும் இருப்பவர்களுக்குத்தான் சிக்கல். அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் இலவசமாக, ரகசியம் காத்துப் பரிசோதிக்கிறார்கள்.

தவறவிடவே கூடாத இரண்டு

முதலாவது வாய்ப் புற்றுநோய். மற்ற பற்களெல்லாம் உறுதியாக இருக்க, ஒரே ஒரு பல் மட்டும் ஆடுகிறது. ஆடும் பல்தானே என்று எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பல் ஆடியதற்குக் காரணம் ஈறுக்குள் வளரும் கட்டியாக இருந்தால் குழி ஆறாது. காலிஃபிளவர் பூவைப் போலச் சதை தள்ளும், தொட்டால் ரத்தம் வரும், கீழுதடு மரத்துப்போகும், கழுத்தில் கெட்டியான கட்டி தெரியும். வலி கொஞ்சமும் இல்லாமலும் இருக்கலாம். வலியில்லாததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புகையிலைப் பழக்கம் உள்ளவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் வாய்ப்புண் நின்றால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்வது மருத்துவ நெறி. பயாப்ஸி எடுத்தால் புற்றுநோய் பரவிவிடும் என்ற பேச்சை நம்பாதீர்கள். அந்தப் பேச்சால் வீணாகும் மாதங்கள்தான் நோயைப் பரவவிடுகின்றன.

இரண்டாவது கருப்புப் பூஞ்சை. கோவிட் இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதம், தமிழ்நாடு அரசு இதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடலில் இது மூக்கிலிருந்து மேல்தாடைக்கும் கண்ணுக்கும் பாய்கிறது. மேல் பற்கள் சேர்ந்து ஆடுவது, கன்னம் மரத்துப்போவது, மூக்கில் கருப்புச் சளி, அண்ணம் கருப்பது, கண் வீக்கம் ஆகியவை அடையாளங்கள். அலை ஓய்ந்தாலும் சர்க்கரை ஓயவில்லை. இந்த அடையாளங்களைக் கண்ட அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாணியம்பாடி சொல்லும் பாடம்

2023-இல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போய்வந்த சிலர் மூளையைத் தாக்கும் மெலியோய்டோசிஸ் தொற்றுக்கு ஆளாகி, எட்டுப் பேர் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி., ஐ.சி.எம்.ஆர்., மாநிலப் பொது சுகாதாரத் துறை ஆகியவற்றின் ஆய்வாளர்கள் செய்த விசாரணை 2025-இல் மருத்துவ இதழில் வெளியானது. சலைன் பாட்டிலின் மூடியைத் திறக்கப் பல் கருவி ஒன்றைப் பயன்படுத்தியதும், திறந்த பாட்டிலை மறுபடி மூடிவைத்து அடுத்தவர்களுக்கும் பயன்படுத்தியதும் தொற்றுக்கு வழிவகுத்ததாக அது காட்டியது.

இது மிக அரிதான நிகழ்ச்சி. பல் மருத்துவமனை என்றாலே அஞ்சுவதற்கு இதைக் காரணமாக்க வேண்டாம். கேட்கும் பழக்கத்துக்குக் காரணமாக்குங்கள். "கருவியெல்லாம் ஆட்டோகிளேவ் பண்ணதுங்களா, டாக்டர்? ஊசியும் சலைனும் புதுசா பிரிப்பீங்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஒழுங்காக நடத்தும் மருத்துவர் கிருமி நீக்கிய கருவியின் பையைப் பிரித்துக் காட்டிவிடுவார். பல் எடுத்த ஒரு வாரத்தில் கடுங்காய்ச்சல், தலைவலி, முகம் ஒருபக்கம் இழுத்தல், பேச்சுக் குழறல் வந்தால் பல் மருத்துவரைத் தேடி அலையாமல் நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எங்கே போவது, எதைக் கொண்டுபோவது

முதலில் பல் எடுத்த மருத்துவரிடமே திரும்பிப் போங்கள். என்ன செய்தார், வேர் முழுவதும் வந்ததா என்பது அவருக்குத்தான் தெரியும். இரண்டு முறை போயும் காரணம் தெரியாவிட்டால், குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெருங்களத்தூரில் கடற்கரை ரயில் ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம். 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாகத் தொடங்கிய அங்கே தாடை அறுவைச் சிகிச்சைப் பிரிவும் வாய் நோய் கண்டறியும் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எதிர்த்திசையில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. வண்டலூரை அடுத்த ரத்தினமங்கலத்திலும் பொத்தேரியிலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. வெளிநோயாளிகளாகப் போகிறவர்கள் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு எடுத்துவிடுவது நல்லது. புற்றுநோய் என்ற ஐயம் வந்தால் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் உருவான அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

கையில் கொண்டுபோக வேண்டியவை:

- பல் எடுத்த தேதி, எந்தப் பல், எவ்வளவு நேரம் ஆனது என்ற குறிப்பு
- முன்பு எடுத்த எக்ஸ்ரே
- இதுவரை சாப்பிட்ட ஆன்டிபயாடிக், வலி மாத்திரைகளின் அட்டைகள்
- தினமும் சாப்பிடும் எல்லா மருந்துகளும், சித்த, நாட்டு மருந்துகள் உட்பட
- கடைசியாகப் பார்த்த சர்க்கரை, ரத்த அழுத்த அளவுகள்
- வருடம் ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ போடும் ஊசி இருந்தால் அதன் சீட்டு

வீட்டில் செய்ய வேண்டியவை

முதல் நாள் கன்னத்தின் வெளியே ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். பத்து நிமிடம் வைத்து, பத்து நிமிடம் எடுங்கள். ஆறிய கஞ்சி, தயிர் சாதம், ஊறவைத்த இட்லி போன்றவை போதும். சூடும் காரமும் வேண்டாம். 24 மணி நேரம் கழித்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, வாயில் வைத்து மெதுவாகச் சாய்த்து விடுங்கள். சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்யலாம். மற்ற பற்களை வழக்கம்போலத் துலக்குங்கள். எண்ணெய் கொப்பளிப்பது உறைவை இழுக்கும் என்பதால் முதல் வாரம் வேண்டாம். மஞ்சள்தூள், புகையிலை, பற்பொடி எதையும் குழிக்குள் அடைக்காதீர்கள்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குக் கிளம்பும் முன் பல்லை எடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள் நம் பகுதியில் அதிகம். காலையில் பல்லை எடுத்துவிட்டு இரவு கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறினால், நடுவழியில் ரத்தம் கசிந்தால் பார்க்க ஆளில்லை, மூன்றாம் நாள் வலிக்கு எடுத்த மருத்துவர் பக்கத்தில் இல்லை. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே எடுங்கள், அல்லது திரும்பி வந்து எடுங்கள்.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை வாரக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதலாக. மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களில் மது கூடவே கூடாது.

பல் எடுத்த பெரும்பாலோருக்குப் புண் தானாகவே ஆறிவிடும். இந்தப் பக்கங்களை அவர்கள் மறந்துவிடலாம். ஆறாத சிலரிடம் ஒரே வேண்டுகோள். பதினான்காம் நாள் வந்துவிட்டால் மருந்துக்கடைப் படியில் ஏறாதீர்கள், மருத்துவர் முன் உட்கார்ந்து "ஏன் ஆறல?" என்று கேளுங்கள். எக்ஸ்ரே, சர்க்கரை, தேவையென்றால் சதைப் பரிசோதனை என்று பதில் கிடைக்கும்வரை கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காகவும் நீங்களே கேளுங்கள். அவர்கள் வலியைப் பொறுத்துக்கொள்வார்கள், சொல்ல மாட்டார்கள்.